முதல் பள்ளிக்கூடம்

இலஞ்சி மழலையர் பள்ளியில் மற்ற பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். சாரலில் நனைந்தபடி ஓடிவந்த முத்துச்செல்வியை வாசலிலேயே மறித்தாள் சுஜிதா டீச்சர்.

"ஏட்டி, இன்னைக்கும் லேட்டா? தாய் மடிதான் முதல் பள்ளிக்கூடம்னு பேரன்ட்ஸ் மீட்டிங்ல தொண்டை கிழியச் சொன்னேனே! உம்பிள்ளை அழுது அழுது ஏங்கிப் போயிட்டான்."

"வேலை முடியல, டீச்சர்."

"பெத்த பிள்ளையை விட வேலையா பெருசு? குழந்தை மனசைப் பத்திப் படிச்சுப் பட்டம் வாங்குனவ சொல்லுதேன், நீயெல்லாம் ஒரு தாயா?"

மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்ட முத்துச்செல்விக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரரு இப்பத்தான் ஆபீஸ்லருந்து வந்தாரு. அவரு வர்ற வரைக்கும் உங்க பாப்பாவை மடியை விட்டு இறக்கப்படாதுன்னு காலையில எங்கிட்ட சொல்லிட்டு வந்தது யாரு, டீச்சர்?"