பெட்டியில் இடம்

முதன்முறையாக வெளிநாடு புறப்பட்ட மாசிலாமணியின் பெட்டிக்குள் புதுக் கம்பளிக் கோட்டு கால்நீட்டிப் படுத்திருந்தது. பழைய ஈரோட்டுத் துண்டு உள்ளே வந்ததும் அதற்குப் பொறுக்கவில்லை.

"சீமையில உன்னை யார் சீந்துவாங்க? இறங்குடா கீழே!"

துண்டு அசையவில்லை. "இவன் தாத்தா தோள்ல துண்டு போட்டாருன்னு ஊரே கூடி அடிச்சுது. அப்பவே இறங்காத வம்சம் நான். உனக்கா இறங்குவேன்?"

"சண்டை போடாதீங்கப்பா," என்று பெட்டி முனகியது. "எடை கூடிப்போச்சு. ஒருத்தர் இறங்கித்தான் ஆகணும்."

மாசிலாமணி பெட்டியைத் தராசில் வைத்தான். துண்டை எடுத்துப் பார்த்தான், முள் அசையவில்லை. அதைத் திரும்ப வைத்துவிட்டுக் கோட்டை எடுத்தான். முள் சரியாக வந்து நின்றது.

உடம்பில் போட்டுக்கொண்டு போனால் கோட்டின் எடை கணக்கில் வராது. அதை மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் விமான நிலையம் போனான். வரிசையில் நிற்கும்போது வியர்வை கொட்டியது. பெட்டியைத் திறந்து துண்டை உருவினான். முகத்தையும் கழுத்தையும் துடைத்தான். பிறகு, வழக்கம்போல, தோளில் போட்டுக்கொண்டான்.

நனைந்து கிடந்த கோட்டின்மேல் துண்டு சாவகாசமாக உட்கார்ந்தது.

"அங்கே ரொம்பக் குளிருமாமே தம்பி? பயப்படாதே. மேலே நான் இருக்கேன்."