ஷிப்டுக்குப் போயிருக்கார்

"இன்னிக்கு இன்னா கெழம, சொல்லுண்ணா."

"வெள்ளி."

"நீ எங்க கீறே?"

"ஆஸ்பத்திரியில. மேல, வெளிச்சத்துல."

தங்கை கேட்க அண்ணன் பதில் சொல்வதைக் கேட்டு நர்ஸ் லூயிசாவுக்கு நிம்மதியாக இருந்தது. தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து நசுங்கிய முனியப்பனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். காலைவிட அவன் புத்தியைப் பற்றித்தான் அவளுக்குப் பயம். குளோரோஃபார்ம் மயக்கம் தெளிந்த பிறகு பிதற்றத் தொடங்கியவர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஒருவன், தான் இன்னும் பாறைக்கடியில் கிடப்பதாக நினைத்து எழுந்து ஓடி, தையல் பிரிந்து, ரத்தம் போயே இறந்தான்.

அதனால்தான் முனியப்பனின் தங்கை கிருஷ்ணம்மாவைப் பகலெல்லாம் கட்டிலருகே இருக்கச் சொன்னாள். ஜன்னலைத் திறந்து வைத்து, பழகிய குரலில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள்: "எதைக் கேட்டாலும் நெஜத்தையே சொல்லுங்க. பொய் கலந்தா அவருக்கு எது நெஜம்னு பிடிபடாமப் போயிடும்."

கிருஷ்ணம்மா அப்படியே செய்தாள். மாரிகுப்பம் ரயில் ஊதினால் என்ன நேரம் என்று சொன்னாள். கல் உடைக்கும் மில் அதிர்ந்தால், அது பாறை இல்லை, மில் என்றாள். கால் போனதையும் அவளே சொன்னாள். அவன் அழுதான். பிறகு கஞ்சி குடித்தான்.

அவன் தினமும் கேட்டது ஒன்றுதான். தன்னோடு வேலை செய்யும் மச்சான், கிருஷ்ணம்மாவின் புருஷன் கோவிந்தன் எங்கே?

"ஷிப்டுக்குப் போயிருக்காருண்ணா," என்பாள். "உன் வேலையும் சேர்த்து அவருதான் பாக்கறாரு. லீவு கெடைச்சதும் வருவாரு."

அவனும் சரியென்று கண்ணை மூடிக்கொள்வான்.

அன்று சாயங்காலம் தங்கை கிளம்பியதும் லூயிசா கட்டு மாற்றினாள். புண் ஆறுகிறது, புத்தியும் தெளிவாக இருக்கிறது, இனிப் பயமில்லை என்றாள். மச்சானுக்குப் பகலில் லீவு கிடைக்காவிட்டால் ஷிப்டு முடிந்தே வரட்டும், டாக்டரிடம் தான் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னாள்.

முனியப்பன் இல்லையென்று தலையாட்டினான்.

"அவன் வரமாட்டாம்மா. பாறை விழுந்த அன்னிக்கே என் கையைப் புடிச்சிக்கினு உயிர விட்டான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுதான் தங்கச்சி பூவும் பொட்டுமா இங்க வர்றா. நான் கேக்கறத நிறுத்தற அன்னிக்கு வீட்டுல அதையும் எடுத்துடுவாங்க."