ஒரே தொட்டியில் இரண்டு பம்புகள்

பாகம் பிரித்தபோது வீட்டின் நடுவே சுவர் எழுந்தது. தண்ணீர்த் தொட்டியை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதற்குள், இரு வீட்டுக்கும் தண்ணீர் ஏற்ற, இரண்டு மருமகள்களும் தங்கள் இதயச் செல்லிலிருந்து வளர்த்த தசைப் பம்பு ஆளுக்கொன்று துடிக்கிறது. தன் பம்புக்குத் தீனியாகப் போடும் சர்க்கரை சீக்கிரமே தீர்ந்துபோக, ஓரகத்தி வடிவுதான் திருடுகிறாள் என்று பூங்கோதை மெக்கானிக்கை வரவழைத்தாள்.

மூடியைத் திறந்தவன் அசந்து நின்றான். தட்டையாக இருந்த பூங்கோதையின் பம்புத் தசை கைபோல் நீண்டு, துவண்டு கிடந்த வடிவின் பம்பை அணைத்திருந்தது. இரண்டும் சேர்ந்தே துடித்தன.

"யாரும் திருடலக்கா. அவங்களோடது நின்னுரும்னு உங்களோடது தானா பலம் குடுக்குது. பிரிச்சு விட்டுரவா?"

"என்னைக் கேக்காமயே குடுக்குதா?"

பூங்கோதை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூடுப்பா. இனிமே கூடக் கொஞ்சம் சர்க்கரை போடுறேன். அவகிட்ட மட்டும் சொல்லிராத."