தோட்டத்தைத் தின்ற பூச்சி

பிப்ரவரி 11, புதன்கிழமை, காலை பத்து மணி. வக்கீல் வீட்டுப் பட அறையில், மேஜைமேல் கிடந்த ஜப்பானியத் தோட்டப் படத்தின் மேல் மூலைகள் இரண்டும் தின்னப்பட்டிருந்தன.

"ராமபாணப் பூச்சிதான்," என்றார் வக்கீல். காகிதம் தின்னும் அந்தப் பூச்சியின் பெயரைச் சொல்லும்போதே முகம் கோணியது. "சனிக்கிழமை கண்காட்சி. இதைத்தான் நடுவுல மாட்டறதா இருந்தேன். பார்க்கவே குமட்டுது."

பூச்சி மருந்து அடிப்பவர் டார்ச்சோடு குனிந்தார். குளம், வளைந்த மரப்பாலம், பனி சுமந்த பைன் மரம். உச்சியில் கருநீலமாகத் தொடங்கி, கீழே வரவர வெளுக்கும் வானம்.

"அழகா வரைஞ்சிருக்காங்க சார்."

"வரையலப்பா. மரத்துல செதுக்கி அச்செடுத்தது. நூறு வருஷம் ஆகுது. இந்த வானத்துக்கு மட்டும் மூணு பலகை." உறை போட்ட விரலால், காகிதத்தில் படாமல், வானத்தைக் காற்றிலேயே தடவினார்.

அறை சில்லென்று இருந்தது. வெயில் படாமல் திரைகள் மூடியிருந்தன. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மேஜையோரம் சக்கர நாற்காலியில், மடியில் தண்ணீர் பாட்டிலோடு தாடிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"என் அண்ணன். வாதம் வந்ததுலேர்ந்து பேச்சு போச்சு, இடது கை மட்டும்தான் அசையும். காவலுக்கு இங்கயே உட்கார வச்சிருக்கேன்." வக்கீல் சிரித்தார். "கண்ணு முன்னாடியே தின்னுட்டுப் போயிருக்கு. ஒரு முனகல் முனகத் துப்பில்ல இந்த வாட்ச்மேனுக்கு."

மருந்துக்காரர் அலமாரி, இழுப்பறை, சட்டங்களின் முதுகு எல்லாவற்றையும் பார்த்தார். உதிர்ந்த தோல் இல்லை, எச்சம் இல்லை. ஒரு எறும்புகூட இல்லை.

"மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு? இதை மட்டும் ஏன் சார்?"

"நேத்துதான் மூலையில பசை தடவி அட்டையில ஒட்டினேன். கடைப்பசை போட்டா காகிதம் பழுத்துடும். கோதுமை மாவுல நானே காய்ச்சுவேன். சமையல்காரம்மா ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனதுலேர்ந்து இந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சதே அதுக்காகத்தான். எனக்கென்ன, கிளப்ல முடிச்சுக்கறேன்."

மருந்துக்காரர் மேஜையிலிருந்த பசைக் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது.

"கழுவி வச்சீங்களா சார்?"

"இல்லையே. பாதிக் கிண்ணம் மிச்சம் வச்சிருந்தேனே." வக்கீல் எட்டிப் பார்த்தார். "சீ. இதையும் வழிச்சு நக்கிடுச்சா? என்ன ஜென்மமோ. இருக்கறதுலயே வீரியமான மருந்தா அடி."

மருந்துக்காரர் டார்ச்சை அறை முழுக்க ஒருமுறை சுற்றினார். வெளிச்சம் சக்கர நாற்காலியில் நின்றது. அருகே போய் மண்டியிட்டு, அந்தத் தாடியிலிருந்து எதையோ எடுத்துவந்து படத்தின் பக்கத்தில் வைத்தார். நகமளவு கருநீலக் காகிதம்.

"என்னப்பா பார்த்துட்டே நிக்கறே? எந்த மருந்து அடிக்கப் போறே?"

"மருந்து வேண்டாம் சார். அவருக்குச் சோறு போடுங்க."