அழகர் கல்யாணத் தீர்மானம்

முகூர்த்தத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது, அழகரின் கல்யாணத் தீர்மானத்தைப் பதிவகம் மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பியது. குடும்பங்களெல்லாம் கம்பெனிகளாகிவிட்ட காலம் அது. கம்பெனி தீர்மானம் போடாமல் யாரும் தாலி கட்ட முடியாது.

"வீட்லயே ஒருத்தி பல்கலைக்கழகத்துல கம்பெனிச் சட்டம் படிக்கிறா, என் கல்யாணம் நிக்குது," என்றான் அழகர்.

தங்கை பொற்கொடிக்கும் புரியவில்லை. அப்பா, அம்மா, அண்ணன், அவள் என்று நான்கு இயக்குநர்களும் கை தூக்கியிருந்தார்களே! பதிவகத்தின் பதிலை மறுபடி வாசித்தாள். 'சொந்த நலன் கலந்த விஷயத்தில் இயக்குநர் வாக்களிக்கக் கூடாது.' மாப்பிள்ளைக்கு நலன் உண்டு. பெற்றவர்களுக்கும் தங்கைக்கும் மட்டும் இல்லையா என்ன? அப்படியென்றால் குழுவில் வாக்களிக்க ஒருவருமே மிச்சமில்லை.

"எதிர்வீட்டு மல்லிகாவை இயக்குநரா சேத்துக்குவோமா? வெளியாளுதானே?" என்றாள் அம்மா.

"கல்யாணப் பொண்ணே அவுக அக்கா மகதானம்மா!" என்றான் அழகர்.

எல்லோரும் சிரிக்கையில் பொற்கொடி துள்ளி எழுந்தாள். இயக்குநர் கம்பெனிக்காக வாக்களிக்கிறார், அதனால் சொந்த ஆசை கலக்கக் கூடாது. பங்குதாரர் தனக்காக வாக்களிக்கிறார். ஆசைப்பட அவருக்கு என்ன தடை?

"குழுக் கூட்டம் முடிஞ்சதுப்பா. எந்திரிக்காதீங்க, இப்ப பங்குதாரர் கூட்டம்!"

"அதே நாலு பேருதானத்தா?" என்றார் அப்பா.

"ஆளு அதேதான், உரிமை வேற."

நால்வரும் தங்கள் நலனை எழுதிக் கொடுத்துவிட்டு, பங்குதாரர்களாகக் கை தூக்கினார்கள். அழகர் இரண்டு கையையும் தூக்கினான். பதிவகம் ஒரு கையை மட்டும் எண்ணிக்கொண்டு, தீர்மானத்தை ஏற்றது.