நீலப் படலை

“தம்பி ஜதுர்சன், நீர் செய்த வேலையைப் பாத்துப்போட்டுத்தான் வாறம். என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை.”

நயினாதீவு இறங்குதுறையில் கால் வைத்ததும் வைக்காததுமாக இந்தப் பேச்சு காதில் விழ, ஜதுர்சன் படகோரமாகவே நின்றுவிட்டான். தோளில் இருந்த புதுப் பற்றறி இன்னும் கனத்தது. எதிரே நின்றவர் சறோஜினிதேவி மிஸ். அவனுடைய கடைசி வருடச் செயற்திட்டத்துக்குப் புள்ளி போடக் கம்பஸில் இருந்து வந்தவர். பக்கத்தில் கண்ணாடி போட்ட இளம் விரிவுரையாளர் பிரதாபன். இருவரும் திரும்பிப் போகும் படகுக்காக நின்றார்கள்.

“மிஸ், மன்னிக்கவேணும்...” என்று தொடங்கினான்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம்தான். கனடாவில் இருக்கும் மாமாவின் பூட்டிக் கிடந்த வீட்டை அவன் பேசும் வீடாக மாற்றியிருந்தான். வாசல் படலையில் நின்று ‘வீட்டுக்காரர்!’ என்று கூப்பிட்டால் போதும். உள்ளே இருக்கும் கணினி ‘ஆரது? வாங்கோ, வந்து இருங்கோ’ என்று பெண் குரலில் வரவேற்கும். கேட்டதற்குப் பதில் சொல்லும். ஒரு பெட்டி கோப்பி வாசம் விடும். இதற்கு அவன் வைத்த பெயர் ‘வெறுமையின் விருந்தோம்பல்: ஓர் ஊடாட்டக் கலை அனுபவம்’. அப்படியென்றால் என்னடா என்று தாய் கேட்டபோது அவனுக்கே சொல்ல வரவில்லை.

வழி பிழைக்கக்கூடாது என்று, தகரப் படலைகள் நிறைந்த அந்தக் குறுகிய ஒழுங்கையில் தன் படலைக்கு மட்டும் நீலப் பெயின்ற் அடித்தான். மிச்சப் பெயின்றைக் கேட்டு வாங்கிப் போன பக்கத்து வீட்டு றஞ்சனி அக்கா, “கெட்டிக்காரப் பிள்ளை” என்று மெச்சினார். அந்த மெச்சலோடு நிறுத்தியிருக்கலாம். “நீலப் படலையில நிண்டு கூப்பிடுங்கோ. நான் அங்கை நிக்கமாட்டன். கலைஞன் நிண்டால் அனுபவம் கெட்டுப்போகும்” என்று மிஸ்ஸுக்குச் செய்தியும் அனுப்பிவைத்தான்.

இன்று காலையில் சோதித்துப் பார்த்தால் பற்றறி படுத்துவிட்டது. ‘வா...ங்...கோ’ என்று வீடு முனகிய முனகலில், ஒழுங்கையில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அக்கரையில் இருக்கும் குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கே பற்றறி கிடைக்காமல் பஸ் பிடித்து அலைந்து திரும்பப் பின்னேரமாகிவிட்டது. போன வருடம் ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் விட்டால் பட்டம் இல்லை. ‘என்ரை மகன் பட்டதாரி’ என்று இப்போதே ஊரெல்லாம் சொல்லித் திரியும் தாயின் முகத்தில் எப்படி முழிப்பது?

“மன்னிப்போ? ஏன் காணும்?” மிஸ்ஸின் கண் கலங்கியிருந்தது. “கூப்பிட்ட உடனை ‘ஆரது, வாங்கோ, வெய்யிலுக்கை நிக்காதேங்கோ’ எண்டு ஒரு குரல்! அம்மா செத்தாப் பிறகு என்னை ஒருத்தரும் அப்பிடிக் கூப்பிடேல்லை.”

ஜதுர்சன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான். வெய்யில்! கூரையில் வைத்த சூரியத் தகடு! நல்ல வெய்யில் பட்டதும் பழைய பற்றறிக்கு உயிர் வந்திருக்கிறது. புதுப் பற்றறியை மெல்ல இறக்கிக் காலுக்குப் பின்னால் மறைத்தான்.

“வாசம் வந்ததோ, சேர்?” இப்போது குரலில் ஒரு தோரணை.

“வந்ததோவோ? கணவாய்க்கறி வாசம் படலைக்கே வந்திட்டுது,” என்றார் பிரதாபன்.

கோப்பி எப்படிக் கணவாயாகும்? வெக்கையில் பெட்டிக்குள் ஏதோ கலந்திருக்கும்.

“அது நினைவுகளின் அடுக்குகள், சேர்,” என்றான் கூச்சமே இல்லாமல்.

“பசிக்கேல்லை எண்டு சும்மா சொல்லிப் பாத்தன். ‘பசிக்காத ஆக்களின்ரை முகமே இது?’ எண்டு பதில் வருது! எப்பிடிக் காணும் எழுதினனீர்?”

அவன் எழுதவில்லை. முகம் பார்க்கக் கமராவே வைக்கவில்லை. அப்படியென்றால் குரலை வைத்தே முகத்தைப் படித்திருக்கிறது! தானாகக் கற்றிருக்கிறது! எங்கெங்கோ பெரிய பெரிய மூளைகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் காரியத்தை, இவன் ஓர் ஓட்டைக் கணினியில் முடித்துவிட்டான். வெளிநாட்டில் இருந்து அழைப்பு வந்தால் எந்தச் சட்டையைப் போடுவது என்றுகூட யோசித்தான்.

“எழுதக்கூடாது, சேர். வளரவிட வேணும்.”

“எல்லாத்தையும் எங்கை ஒளிச்சு வைச்சனீர் எண்டு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க ஏலேல்லை. ஒரு குறைதான்.” பிரதாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கலியாணம் முடிச்சிட்டீரோ எண்டு திரும்பத் திரும்ப என்னைக் கேட்டுக்கொண்டு இருந்தது. அதை மட்டும் திருத்திவிடும்.”

“திருத்திறன், சேர்.”

“உமக்குத்தான் இந்த முறை ஆகக் கூடின புள்ளி,” என்றபடி மிஸ் படகில் ஏறினார். “வயிறும் மனசும் நிறைஞ்சு போறம், தம்பி.”

படித்தவர்கள் எவ்வளவு அழகாகச் சொல்கிறார்கள் என்று வியந்தான் ஜதுர்சன். தாய்க்கு போன் எடுத்துச் சொன்னான். மறுமுனையில் அவர் அழுதே விட்டார். போன கையோடு கணினிக்கு ஒரு முத்தம் கொடுக்க வேண்டும் என்ற நினைப்போடு ஒழுங்கைக்குள் திரும்பினான்.

“தம்பி, நில்லும்!” றஞ்சனி அக்கா தன் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் மூடிய கோப்பை. “இந்தாரும், கணவாய்க்கறி கொஞ்சம் மிச்சம் கிடந்தது.”

ஜதுர்சன் கோப்பையைப் பார்க்கவில்லை. அவர் திறந்த படலையைப் பார்த்தான். காலையில் வெறுந் தகரமாக இருந்தது, இப்போது பளிச்சென்ற நீலம்.

“மத்தியானம் ஆரோ ரெண்டு பேர் வந்து கூப்பிட்டவை. சாப்பிட முதல் ஆரெண்டு கேட்டால் வடிவில்லை எண்டு, இருத்திச் சோறு குடுத்தனான். கண்ணாடி போட்ட பொடியன் நல்ல பொடியன். கலியாணம் முடிச்சிட்டீரோ எண்டு எத்தினை தரம் கேட்டும் பதில் இல்லை.” அக்கா குரலைத் தாழ்த்தினார். “ஆனால் தம்பி, சோத்தைத் திண்டுபோட்டு ரெண்டு பேரும் என்ரை குசினிக்கை, அடுப்படியிலை, குனிஞ்சு குனிஞ்சு வயர் தேடினவை!”