சத்தில்லாத கிளை

கோயில் மலையில் செண்பகம் என்றொரு குரங்கு இருந்தாள். பக்தர்களிடம் பறித்த சிப்ஸும் பிஸ்கட்டும் ஊட்டியே மகன் தும்பனை வளர்த்தாள். அவன் உட்கார்ந்த கிளையை விட்டு அசையமாட்டான். நாளுக்குப் பத்து முறை ஏறி இறங்கி அம்மாதான் இளைத்துப்போனாள்.

ஒருநாள் மற்ற குட்டிகள் கிளைக்குக் கிளை தாவி விளையாடின. ஆசைப்பட்டுத் தும்பனும் தாவினான். கிளை முறிந்து புதரில் விழுந்தான். குட்டிகள் சிரித்தன.

செண்பகம் ஓடிவந்து மரத்தைத் திட்டினாள். “சத்தில்லாத கிளை!” பிறகு மகனிடம், “உனக்குப் பசி மயக்கம் கண்ணு. இந்தா, பிஸ்கட்.”

“பசிக்கவே இல்லைம்மா. என்னைப் பிடி பார்க்கலாம்!” என்று தும்பன் மூச்சிரைக்க ஓடினான்.

இரண்டே எட்டில் பிடித்துவிடலாம். செண்பகம் மெதுவாக, மிக மெதுவாகத் துரத்தினாள்.